அசையா நொடி

உரைநடை

கற்றல் நோக்கங்கள்

• அறிவியல் செய்திகளைக் கூறும் உரைநடையைப் படித்துப் பொருளுணர்தல்.
• ஒளிப்படக் கருவியின் அசைவுக்கான காரணங்களையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் அறிந்து, தம் சொற்களில் எடுத்துரைத்தல்.
• தாம் வாழும் நகரின் கட்டடங்களை ஆவணப்படுத்தும் ஆர்வம் பெறுதல்.

நுழையும்முன்

கைப்பேசி வந்தபின் ஒளிப்படம் எடுக்காதவர் அரிதாகிவிட்டனர். ஆயினும், சிறிய திரையில் பளிச்செனத் தோன்றும் படம், பெரிதாக்கிப் பார்க்கும்போது மங்கிப்போவதைப் பலரும் கண்டிருப்பர். இக்குறை பெரும்பாலும் கருவியின் விலையால் வருவதன்று. படம் பதிவாகும் நேரத்தில் கருவி அசைந்துவிடுவதால் வருவது. அந்த அசைவு எங்கிருந்து வருகிறது, அதனை எவ்வாறு தடுப்பது, தடுப்பதால் விளையும் பயன் யாது என்பவற்றை இப்பாடம் கூறுகிறது.

1. படிக்க முடியாத கற்பலகை

வடகொல்கத்தாவின் குறுகிய தெரு ஒன்றில் நூறாண்டு கடந்த வீடு ஒன்று நிற்பதாகக் கொள்வோம். பச்சை வண்ணம் பூசிய மரச் சன்னல்கள். வார்ப்பிரும்புக் கைப்பிடி கொண்ட மேன்மாடம். வாயிலின் பக்கத்தில் ‘ரோவாக்’ என்று வங்காளியர் வழங்கும் திண்ணை. தமிழகத்துத் திண்ணையைப் போலவே அதுவும் மாலையில் ஊர்க்கதை பேசுவோர் அமரும் இடம். வாயிலுக்கு மேலே சலவைக்கல் பலகை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. வீட்டின் பெயரும் அது கட்டப்பட்ட ஆண்டும் அதில் வங்க எழுத்துகளால் பொறிக்கப்பட்டுள்ளன.

வரலாற்றுப் பாடச் செயல்திட்டத்திற்காக மாணவி ஒருத்தி ஒரு மாலை வேளையில் அவ்வீட்டைப் படம் எடுக்கிறாள். கருவியின் திரையில் படம் நன்றாகவே தெரிகிறது. இல்லம் திரும்பிக் கணினியில் பெரிதாக்கினால், ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டாகத் தோன்றுகிறது. ஆண்டின் கடைசி இலக்கத்தைப் படிக்கவே முடியவில்லை. மற்றொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் விட்டுவிடுகிறாள். இரண்டு திங்கள் கழித்து அத்தெருவுக்குச் சென்றால், வீடு இருந்த இடத்தில் செங்கற்குவியலும் மூங்கில் சாரமும் இருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்புக்காக வீடு இடிக்கப்பட்டுவிட்டது. பலகை என்னவாயிற்று என்று சொல்ல அங்கே எவரும் இல்லை.

மாணவியின் கதை கற்பனை; ஆனால், வடகொல்கத்தாவில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்துவருவது கற்பனை அன்று. விலைக்கு விற்று இடிக்கப்படும் வீடுகள் ஒருபுறம் இருக்க, எதிர்பாராமல் அழிவனவும் உண்டு. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், பௌபஜார்ப் பகுதியில் மெட்ரோ சுரங்கம் தோண்டப்பட்டபோது நிலம் உள்வாங்கியது. பழைய வீடுகள் பல விரிசல் கண்டன. சில இடிந்து விழுந்தன. குடியிருந்தோர் அவசரமாக வெளியேற நேர்ந்தது. கட்டடம் போனபின் எஞ்சுவது அதன் படமே. அப்படமும் மங்கியிருந்தால் எஞ்சியதும் போய்விடும்.

2. தஞ்சையில் ஒரு முன்னோடி

கட்டடத்தையும் கல்வெட்டையும் தெளிவாகப் பதிவு செய்யும் முயற்சி இந்தியாவிற்குப் புதியதன்று. லின்னேயஸ் ட்ரைப் என்பவர் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையைச் சேர்ந்த அலுவலர். அவர் 1856ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். 1857ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1858ஆம் ஆண்டின் முற்பகுதி வரை திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களுக்குச் சென்று கோயில்களையும் அரண்மனைகளையும் மலைகளையும் படம் பிடித்தார்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாக எடுத்தார். 21 படங்களை ஒட்டி இணைத்த அந்த நீள்படம் ஏறத்தாழ 19 அடி நீளமுடையது. ஒன்று மங்கினாலும் வரிசை அறுந்துவிடும். அக்கால ஒளியுணர் பொருள்கள் மந்தமானவை. இன்று நொடியில் நூற்றில் ஒரு பங்கில் பதிவாகும் காட்சி, அன்று பதிவாகப் பல நொடிகளாயின. சில வேளைகளில் நிமிடங்களும் ஆயின. அவ்வளவு நேரமும் கருவி அசையாது நிற்க வேண்டும். எனவே, கனமான மரப்பெட்டிக் கருவியும் உறுதியான முக்காலியும் பொறுமையும் அக்காலக் கலைஞர்களுக்கு இன்றியமையாதனவாக இருந்தன.

ட்ரைப் பணியில் அமர்ந்த அதே 1856ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் வங்காள ஒளிப்படச் சங்கம் தோன்றியது. 1863ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்த சாமுவேல் போர்ன், இமயத்தின் உயர்ந்த கணவாய்கள் வரை சென்று படம் எடுத்தார். அவர் கையாண்ட ஈரத்தகடு முறையில், கண்ணாடித் தகட்டில் பூசிய கரைசல் உலர்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். அதற்காக இருட்டறைக் கூடாரத்தையும் மலைமீது சுமந்துசென்றனர். இன்றைய கருவியின் வேகம் இந்தத் தொல்லைகளையெல்லாம் நீக்கிவிட்டது. ஆனால், அசையாமை என்னும் தேவையை அது நீக்கவில்லை.

3. அசைவின் கணக்கு

கருவியின் அசைவு இருவகைப்படும். ஒன்று, கருவி மேலோ கீழோ பக்கவாட்டிலோ இடம்பெயர்தல். மற்றொன்று, இருந்த இடத்திலேயே சாய்தல். தொலைவிலுள்ள காட்சியைப் பொறுத்தவரை முதல் வகையால் தீங்கு மிகக் குறைவு. கருவி ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், அது நோக்கும் இடமும் ஒரு மில்லிமீட்டரே நகரும். சாய்வு அத்தகையதன்று. தொலைவு கூடக்கூட அதன் விளைவும் பெருகும்.

ஹௌரா பாலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1943ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்ட இப்பாலத்தின் இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 457 மீட்டர். இதன் எஃகுச் சட்டங்கள் திருகாணிகளால் முடுக்கப்பட்டவையல்ல. ரிவெட் எனப்படும் தறையாணிகளால் பிணைக்கப்பட்டவை. ஒருவர் கரையில் நின்று, 400 மீட்டர் தொலைவிலுள்ள கோபுரத்தைப் படம் எடுக்கிறார். படம் பதிவாகும்போது கருவி ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு மட்டும் சாய்கிறது. கண்ணுக்குத் தெரியாத இச்சிறு சாய்வு, கோபுரத்தின் மீது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் அளவுக்குப் பார்வையை இழுத்துவிடும். தறையாணியின் தலை அதைவிடச் சிறியது. ஆகவே, ஆணிகளின் வரிசை படத்தில் வெறும் பூச்சாக மாறிவிடும்.

இதே சாய்வு கருவியின் உள்ளே என்ன செய்கிறது? 50 மில்லிமீட்டர் குவியத் தொலைவுடைய வில்லையைப் பயன்படுத்தினால், உணரியின் மீது விழும் உருவம் ஏறத்தாழ 0.015 மில்லிமீட்டர் நகரும். உணரியின் ஒரு படப்புள்ளி 0.004 மில்லிமீட்டர் அகலமுடையதாயின், உருவம் மூன்று புள்ளிகளுக்கு மேல் தேய்ந்துபோகும். 200 மில்லிமீட்டர் வில்லையாயின் இந்த அளவு நான்கு மடங்காகி, ஏறத்தாழ 14 புள்ளிகளாகும். தொலைவிலுள்ளதை அருகில் காட்டும் வில்லை, கையின் நடுக்கத்தையும் அதே மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

4. கையே தாங்கியாகும்போது

கருவியைக் கையில் ஏந்திப் படம் எடுப்போர்க்கு ஒரு பழைய விதி உண்டு. வில்லையின் குவியத் தொலைவு எத்தனை மில்லிமீட்டரோ, ஒரு நொடியை அத்தனை கூறாக்கி, அதில் ஒரு கூறு நேரத்திற்குள் படம் பதிவாக வேண்டும். 50 மில்லிமீட்டர் வில்லைக்கு 1/50 நொடி. 200 மில்லிமீட்டர் வில்லைக்கு 1/200 நொடி. சிறிய உணரி உடைய கருவிகளிலும், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய இடங்களிலும் இதைவிட இருமடங்கு விரைவு நலம். வெளிச்சம் போதாவிடின் ஐ.எஸ்.ஓ. அளவைக் கூட்டலாம். அதனால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். எனினும், புள்ளிகளுக்கிடையே எழுத்தைப் படித்துவிடலாம். அசைந்து கலைந்த எழுத்தைப் படிக்க இயலாது.

நிற்கும் முறையும் முதன்மையானது. கால்களைச் சற்று அகற்றி ஊன்ற வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடக்கையால் வில்லையை அடியிலிருந்து தாங்க வேண்டும். மூச்சைப் பாதி வெளிவிட்டு நிறுத்திய நிலையில், விசையைக் குத்தாமல் மெல்ல அழுத்த வேண்டும். அருகில் தூணோ சுவரோ இருப்பின் அதில் சாய்ந்துகொள்வது மேலும் நன்று. தொடர்ச்சியாக நான்கைந்து படங்கள் எடுத்தால், அவற்றுள் இடையில் உள்ளவை பெரும்பாலும் தெளிவாக அமையும். விரல் அழுத்தும் அசைவு முதற்படத்திலும், விரல் எடுக்கும் அசைவு கடைசிப் படத்திலும் போய்ச் சேர்வதே அதற்குக் காரணம்.

5. நிலத்திலிருந்து தொடங்குக

அந்தி வேளைக் காட்சிக்கும் இரவுக் காட்சிக்கும் கை போதாது. ட்ரைபாட் எனப்படும் முக்காலி வேண்டும். முக்காலி வாங்கியவர் பலர் அதன் கால்களை நோக்குவர். அது நிற்கும் நிலத்தை நோக்குவதில்லை. கொல்கத்தாவில் நிலத்தை நோக்காமல் தீராது. இந்நகரம் ஹூக்ளி ஆறு படிவித்த மென்மையான வண்டல் மண்ணின் மீது அமைந்தது.

ஆற்றங்கரையில் மூவகை இடங்கள் உள்ளன. முதலாவது, படகுத்துறை மேடை. இது பெரும்பாலும் நீரில் மிதக்கும் மேடை. நீரேற்றத்தோடு உயர்ந்து, நீரிறக்கத்தோடு தாழும். படகு வந்து மோதினால் குலுங்கும். எவ்வளவு சிறந்த முக்காலியை வைத்தாலும் மேடையோடு சேர்ந்து அதுவும் ஆடும். இரண்டாவது, கரையோரச் சேறு. முக்காலியின் கால் அதில் மெல்ல மெல்ல இறங்கும்; பத்து நொடிப் படத்தில் அந்த இறக்கமும் பதிவாகும். மூன்றாவது, படித்துறையின் கற்படிகள். இவையே ஏற்ற இடம். நீரில் நனைந்து பாசி பிடித்த படிகளை மட்டும் தவிர்க்க வேண்டும். பாலங்களின் நடைபாதையும் முக்காலிக்குரிய இடமன்று; பேருந்து ஒன்று கடக்கும்போது பாலத்தின் தளம் முழுவதும் அதிர்வதை அங்கு நடப்போர் காலாலேயே உணர்வர்.

தெருவிலும் இதே கவனம் தேவை. ஒரு தம்ளர் நீரைத் திண்ணையில் வைத்துப் பார்த்தால், சுமைவண்டி கடக்கும்போது நீரின் மேற்பரப்பு நடுங்குவதைக் காணலாம். அந்த நடுக்கம் அடங்கிய பின்னரே படம் எடுக்க வேண்டும். நிலம் தள்ளுவது சிறிதளவே. ஆனால், அத்தள்ளலால் உயர்ந்து நிற்கும் முக்காலி ஆடத் தொடங்கி, கருவியைச் சாய்க்கிறது.

முக்காலியை நிறுத்துவதற்கும் முறையுண்டு. கால்களை முழுமையாக விரிக்க வேண்டும். உயரம் தேவைப்படின் தடித்த மேற்பகுதிகளை முதலில் நீட்டி, மெலிந்த கீழ்ப்பகுதிகளை இறுதியாகவே நீட்ட வேண்டும். நடுத்தண்டை உயர்த்துதல் கூடாது. உயர்த்தினால் மூன்று காலின் உறுதி போய், ஒற்றைக் கோலின் ஆட்டம் வந்துவிடும். மூன்று கால்களுள் ஒன்று வில்லை நோக்கும் திசையில் இருத்தல் வேண்டும். அப்போது கனமான வில்லை முன்புறம் கவிழாது. நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிடலாம். ஆனால், அது தரையைச் சற்றே தொட்டிருக்க வேண்டும். காற்றில் ஊசலாடும் பை உதவிக்கு மாறாகத் தொல்லையே தரும்.

6. கருவிக்குள் பிறக்கும் அதிர்வு

நிலம் உறுதியாக இருந்தும் படம் மங்கினால், காரணம் பெரும்பாலும் விரலோ கருவியோ ஆகும். விசையை அழுத்தும் விரலே முக்காலியை அசைத்துவிடும். அதனைத் தவிர்க்கக் கம்பிவழி விசையோ ரிமோட்டோ பயன்படும். இரண்டும் இல்லாதவர் கருவியிலுள்ள டைமரைப் பயன்படுத்தலாம். விரலை எடுத்த பின் இரண்டு நொடி கழித்து, அசைவு அடங்கிய நிலையில் படம் பதிவாகும்.

இரண்டு நொடி போதுமா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. திரையில் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொண்டு, முக்காலியை விரலால் மெல்லத் தட்ட வேண்டும். உருவம் ஆடத் தொடங்கும். அது முற்றும் நிற்க எத்தனை நொடிகள் ஆகின்றன என்று எண்ண வேண்டும். ஐந்து நொடிகள் ஆயின், டைமரைப் பத்து நொடிக்கு வைப்பதே முறை.

எஸ்.எல்.ஆர். வகைக் கருவியின் உள்ளே ஓர் ஆடி உள்ளது. படம் பதிவாகும் முன் அது சட்டென மேலே தூக்கிக்கொள்ளும். அந்த அடி கருவி முழுவதையும் நடுக்கும். இந்நடுக்கம் ஒரு நொடிக்கும் குறைவாகவே நீடிக்கும். ஆகவே, 1/30 நொடி முதல் ஒரு நொடி வரை பதிவாகும் படங்களே இதனால் மிகுதியும் கெடும். 1/500 நொடியில் நடுக்கம் பரவ நேரமில்லை. 20 நொடிப் படத்தில் முதல் அரைநொடி நடுக்கம் மொத்த ஒளியில் நாற்பதில் ஒரு பங்கையே தொடுகிறது. இடைப்பட்ட வேகங்களில் எடுக்க நேரும்போது, ஆடியை முன்கூட்டியே உயர்த்தி நிறுத்தும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். ஆடியில்லாக் கருவிகளில் இத்தொல்லை இல்லை; ஆயினும் ஷட்டர் திரையின் அசைவு உண்டு. மின்னணு முன்திரை என்னும் அமைப்பு அதனைக் குறைக்கும்.

இன்றைய வில்லைகள் பலவற்றில் அசைவு தணிக்கும் அமைப்பு உள்ளது. கையில் ஏந்தும்போது அது பெருந்துணை. ஆனால், முக்காலியின் மேல் அசைவே இல்லாதபோது, இல்லாத அசைவைத் திருத்த முயன்று அதுவே படத்தை மங்கச் செய்வதும் உண்டு. சில கருவிகள் முக்காலியைத் தாமே உணர்ந்துகொள்கின்றன. பிற கருவிகளில் அந்த அமைப்பை நிறுத்திவைக்க வேண்டும். எது எவ்வகை என்பதைக் கருவியின் கையேடு கூறும்.

7. காற்றும் காலமும்

சித்திரை, வைகாசித் திங்களில் வங்காளத்தின் மாலைப் பொழுதுகளில் ‘கால்பைசாகி’ என்னும் சூறைக்காற்று திடீரென எழும். அந்நேரத்தில் படக்கருவியைப் பையில் வைத்துவிடுவதே அறிவுடைமை. இளங்காற்று வீசும் நாள்களில் முக்காலியின் உயரத்தைக் குறைக்கலாம். காற்று வரும் திசையில் நின்று உடலாலோ குடையாலோ மறைக்கலாம். கருவியின் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். காற்றில் படபடக்கும் அந்தச் சிறு பட்டை ஒரு படத்தைக் கெடுக்கப் போதுமானது.

கட்டடங்களைப் படம் எடுக்க ஏற்ற காலம் விடியற்பொழுது. அப்போது காற்று அடங்கியிருக்கும். சாலையில் வண்டிகள் குறைந்திருக்கும். சாய்வெயில் கல்லில் வெட்டிய எழுத்துகளுக்கு நிழல் தந்து எடுத்துக்காட்டும். நண்பகலில் சாலையின் மீதும் கூரையின் மீதும் எழும் கானல், தொலைவிலுள்ள கோடுகளை நெளியச் செய்யும். அது கருவியின் அசைவன்று, காற்றின் அசைவு. எந்த முக்காலியும் அதற்கு மருந்தாகாது. காத்திருத்தலே மருந்து.

8. செலவில்லா வழிகள்

முக்காலி இல்லாத மாணவர்க்கும் வழிகள் உள. சிறு துணிப்பையில் அரிசியையோ பருப்பையோ முக்கால் பங்கு நிரப்பித் தைத்துக்கொள்ளலாம். அதனைத் திண்ணை மீதோ கைப்பிடிச் சுவரின் மீதோ வைத்து, கைப்பேசியை அதில் அழுந்தப் பதித்து, டைமரை மூன்று நொடிக்கு அமைத்தால் உறுதியான தாங்கி ஆயத்தம். அந்த ரோவாக் திண்ணையே எதிர்வீட்டைப் படம் எடுக்க ஏற்ற கல்மேடை.

மற்றொரு வழி கயிறு. ஒளிப்படக் கருவியின் அடியில் கால் அங்குலத் திருகு பொருந்தும் துளை இருக்கும். அதற்கேற்ற திருகில் உறுதியான கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு, கயிறு விறைக்கும்படி கருவியை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். மேலும் கீழுமான ஆட்டம் பெரிதும் குறையும்.

பொது இடங்களில் முக்காலியை நிறுத்துமுன் அங்குள்ள விதிமுறைகளைக் கேட்டறிதல் வேண்டும். நடப்போர்க்கு இடையூறு செய்தல் ஆகாது. பிறர் வீட்டைப் படம் எடுப்பதாயின் வீட்டாரிடம் இசைவு பெறுதல் பண்பாகும். இசைவு கேட்கும்போது வீட்டின் கதையும் கிடைக்கக்கூடும்.

9. தெளிவின் பயன்

ஹூக்ளிக் கரையில் பிரின்செப் படித்துறை இருக்கிறது. அது ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக எழுப்பப்பட்டது. கொல்கத்தா நாணயச் சாலையில் பணியாற்றிய அவர், 1837ஆம் ஆண்டு அசோகர் காலப் பிராமி எழுத்துகளைப் படித்தறிந்தார். நாட்டின் பல மூலைகளிலுள்ள கல்வெட்டுகளுக்கெல்லாம் அவர் நேரில் சென்றாரல்லர். பிறர் எடுத்தனுப்பிய படிகளை மேசைமீது பரப்பி, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டார். சாஞ்சியிலிருந்து வந்த சிறு கல்வெட்டுகளின் படிகளில் ஒரே எழுத்துகள் இறுதியில் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டதே அவருக்குத் திறவுகோலாயிற்று. படியெடுத்தவர் கை தவறியிருந்தால் அந்த ஒற்றுமை அவர் கண்ணில் பட்டிராது. எங்கோ ஒருவர் கவனத்தோடு எடுத்த படி, வேறோர் ஊரில் இன்னொருவர் படிப்பதற்கு உதவியது.

பதிவுகளும் அழியக்கூடியவையே. சாமுவேல் போர்ன் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த ‘போர்ன் அண்டு ஷெப்பர்டு’ ஒளிப்பட நிலையம் கொல்கத்தாவில் நெடுங்காலம் இயங்கியது. 1991ஆம் ஆண்டு ஏற்பட்ட தீயில் அதன் பழம்படத் தொகுப்பில் பெரும்பகுதி எரிந்தது. 2016ஆம் ஆண்டு நிலையமே மூடப்பட்டது. ஆகவே, எடுத்த படத்தை ஒரே இடத்தில் வையாமல், இரண்டு மூன்று இடங்களில் படியெடுத்து வைப்பதும் ஒளிப்படக்காரரின் கடமையாகும்.

முதலில் கண்ட மாணவி, இடிந்த வீட்டின் பலகையை இனிப் படிக்க இயலாது. ஆயினும் அத்தெருவில் வேறு வீடுகள் இருக்கின்றன. மறுவாரம் விடியற்காலையில் அரிசிப் பையோடு அவள் மீண்டும் செல்கிறாள். எதிர்த் திண்ணையில் கருவியைப் பதித்து, பால்வண்டி கடந்து செல்லும் வரை காத்திருந்து, டைமரை அமைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறாள். படத்தில் வீட்டின் பெயரும் ஆண்டின் நான்கு இலக்கங்களும் தெளிவாகத் தெரிகின்றன. வீட்டின் பெயர், தெரு, எடுத்த நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வாயிலை நோக்கி அவள் நடக்கிறாள்.

தெரிந்து தெளிவோம்

இன்றைய ஹௌரா பாலத்திற்கு முன், அதே ஆற்றின் குறுக்கே 1874ஆம் ஆண்டு மிதவைப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. அதனைத் தாங்கியவை நீரில் மிதந்த தெப்பங்கள். இன்றைய பாலம் 1965ஆம் ஆண்டு முதல் ‘ரவீந்திர சேது’ என்னும் பெயரும் பெற்றது.

சொல்லும் பொருளும்

குவியத் தொலைவு – வில்லைக்கும் அது ஒளியைக் குவிக்கும் புள்ளிக்கும் இடைப்பட்ட தொலைவு
உணரி – வில்லை வழியே வரும் ஒளியை மின்குறியாக மாற்றும் தகடு
படப்புள்ளி – ஒளிப்படத்தின் மிகச் சிறிய கூறு
தறையாணி – இரு தகடுகளை இணைத்து அடித்து இறுக்கும் ஆணி
மந்தம் – விரைவின்மை
இசைவு – ஒப்புதல்
கானல் – வெப்பத்தால் காற்றில் தோன்றும் அலைவு

இலக்கணக் குறிப்பு

அசையா நொடி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
கோயில்களையும் அரண்மனைகளையும் – எண்ணும்மை
மிதக்கும் மேடை – பெயரெச்சம்
படம் எடுத்தல் – இரண்டாம் வேற்றுமைத்தொகை

பிரித்து அறிக

கற்படிகள் = கல் + படிகள்
ஒளிப்படம் = ஒளி + படம்
ஒவ்வோர் எழுத்தும் – உயிரெழுத்து முதலாக வரும் சொல்லின் முன் ‘ஒவ்வோர்’ வந்தது.

பகுபத உறுப்பிலக்கணம்

அதிர்ந்தது = அதிர் + த்(ந்) + த் + அ + து
அதிர் – பகுதி. த் – சந்தி, ‘ந்’ ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – சாரியை. து – ஒன்றன்பால் வினைமுற்று விகுதி.

பயிற்சி

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. முக்காலியை நிறுத்துவதற்கு ஏற்ற இடம் ________
(மிதக்கும் மேடை / கரையோரச் சேறு / படித்துறைக் கற்படி / பாலத்தின் நடைபாதை)

2. தொலைவிலுள்ள காட்சியை மிகுதியும் மங்கச் செய்வது கருவியின் ________
(எடை / சாய்வு / நிறம் / விலை)

3. 200 மில்லிமீட்டர் வில்லையைக் கையில் ஏந்தி எடுக்கும்போது பழைய விதிப்படி படம் பதிவாக வேண்டிய நேரம் ________
(1/20 நொடி / 1/50 நொடி / 1/200 நொடி / 2 நொடி)

4. தஞ்சைக் கல்வெட்டுகளை நீள்படமாக எடுத்தவர் ________
(சாமுவேல் போர்ன் / லின்னேயஸ் ட்ரைப் / ஜேம்ஸ் பிரின்செப் / எவருமிலர்)

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ரோவாக் என்பது யாது? அது தமிழகத்தின் எதனோடு ஒப்பிடப்படுகிறது?
2. முக்காலியின் நடுத்தண்டை ஏன் உயர்த்தக் கூடாது?
3. நண்பகலில் தொலைவுக் காட்சி தெளிவாக அமையாததற்குக் காரணம் என்ன?

இ) ஐந்தாறு தொடர்களில் விடை எழுதுக.

1. டைமரை எத்தனை நொடிக்கு அமைப்பது என்பதை அறியும் சோதனையை விளக்குக.
2. ஆடியின் நடுக்கம் 1/500 நொடிப் படத்தையும் 20 நொடிப் படத்தையும் மிகுதியாகக் கெடுக்காதது ஏன்?

ஈ) ஒரு பக்க அளவில் விடை எழுதுக.

‘கட்டடம் போனபின் எஞ்சுவது அதன் படமே’ – இக்கூற்றைப் பாடச் செய்திகளைக் கொண்டு நிறுவுக.

உ) செயல்பாடு

நும் வீட்டருகேயுள்ள பழைய கட்டடம் ஒன்றின் பெயர்ப்பலகையையோ கல்வெட்டையோ இருமுறை படம் எடுக்க. முதற்படம் கையில் ஏந்தியதாகவும், இரண்டாம் படம் தாங்கியின் மேல் வைத்து டைமர் கொண்டு எடுத்ததாகவும் இருக்கட்டும். இரண்டையும் பெரிதாக்கி ஒப்பிட்டு, கண்ட வேறுபாடுகளைப் பத்துத் தொடர்களில் எழுதுக. கட்டடத்தின் பெயர், இடம், படம் எடுத்த நாள் ஆகியவற்றைக் குறிக்க மறவற்க.